ஒரே கட்டணம், மிக நீண்ட பயணம்

நியூயார்க் சுரங்க ரயிலில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கிடையாது. நுழைவாயிலில் ஒரு முறை காசு கட்டிவிட்டால், வெளியே வராதவரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் மாறலாம். 1904-ல் தொடங்கிய அந்த ரயில், இன்று 472 நிலையங்களுடன் இரவு பகலாக ஓடுகிறது. அப்படியானால் ஒரே கட்டணத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம்?

வண்டி மாறாமல் என்றால், மன்ஹாட்டனின் வடகோடியில் 207-ஆவது தெருவில் ‘ஏ’ ரயிலில் ஏறி, கடலோரத்து ஃபார் ராக்கவேயில் இறங்க வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர். பிராங்க்ஸின் 241-ஆவது தெருவில் 2-ஆம் எண் ரயிலைப் பிடித்து, வழியில் ‘ஏ’ ரயிலுக்கு மாறி அதே ஃபார் ராக்கவேக்குப் போனால் 60 கிலோமீட்டரைத் தாண்டும்.

எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிப் போகலாம். ஆனால் போன தடத்தில் மறுபடி போகக் கூடாது என்று விதி வைத்துப் பாருங்கள். கேள்வி கணிதத்தின் கைக்குப் போய்விடும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து நடக்க முடியாது என்று 1735-ல் கணிதர் ஆய்லர் காட்டினார். ஓரிடத்துக்குள் ஒரு வழியாக நுழைந்தால் வேறு வழியாக வெளியேற வேண்டும். வழிகள் இரண்டிரண்டாகத் தீரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வழிகள் சேரும் இடத்தில் பயணம் தொடங்க வேண்டும், அல்லது முடிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு வழி மிஞ்சியே தீரும்.

ஃபார் ராக்கவேக்கு ஒரே தடம்தான். உள்ளே போனால் பயணம் அங்கேயே முடிந்தது. இப்படிப்பட்ட முட்டுச் சந்துகளில் இரண்டைத்தான் பயன்படுத்தலாம்: ஒன்றில் தொடங்கி, இன்னொன்றில் முடிக்கலாம். மற்ற கிளைகளைக் கைவிட வேண்டியதுதான். கோனி தீவு நிலையமும் கடைசி நிலையம்தான். ஆனால் அங்கே டி, எஃப், என், கியூ என்று நான்கு ரயில்கள் வெவ்வேறு தடங்களில் வந்து சேர்கின்றன. ஒன்றில் வந்து இன்னொன்றில் திரும்பலாம், இரண்டு முறை! என் கண்ணுக்கு இந்த வரைபடத்திலேயே அழகான இடம் இதுதான்.

பல தடங்களில் சாதா வண்டிக்கும் விரைவு வண்டிக்கும் தனித்தனித் தண்டவாளங்கள் உண்டு. அவற்றை ஒரே தடமாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதைப் பொறுத்தும் விடை மாறும்.

இனிதான் வியப்பு. ஊரின் எல்லாத் தெருக்களிலும் ஒரு முறையாவது நடந்து திரும்ப வேண்டிய தபால்காரருக்கு மிகக் குறைந்த நடை எது? சீனக் கணிதர் குவான் மெய்கோ 1960-ல் எழுப்பிய இக்கேள்விக்கு, கணினி வேகமாக விடை காணும் முறை உண்டு. நம் ரயில் கேள்வி அதன் கண்ணாடி பிம்பம்போலத் தெரிந்தாலும், எல்லா வலையமைப்புகளுக்கும் பொருந்தும் வேகமான முறை இதுவரை கிடைக்கவில்லை. ஒற்றைப்படைச் சந்திப்புகளை ஜோடி சேர்த்து, சில தடங்களை நீக்குவது எளிது. மிஞ்சும் தடங்கள் துண்டு துண்டாகப் பிரியாமல் ஒன்றாக நிற்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல்.

எல்லா நிலையங்களையும் குறைந்த நேரத்தில் சுற்றிவருவது இதற்குப் பக்கத்து விளையாட்டு. 1967-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சாம்சனின் குழு, பிடிபி-6 கணினியின் துணையோடு ஏறக்குறைய 26 மணி நேரத்தில் சுற்றி முடித்தது.

வீட்டுப் பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு நகரத்தின் ரயில் வரைபடத்தையும் பென்சிலையும் கொடுங்கள். கோடு இழுக்கும் முன், ஒற்றைப்படைச் சந்திப்புகளை எண்ணச் சொல்லுங்கள்.