பூனையின் வயிற்றுப் பிணி

நாய் நோயுற்றால் நம் காலடியிலே வந்து கிடந்து தன் துன்பத்தைத் தெரிவிக்கும். பூனையோ பரண்மேலும் இருண்ட மூலையிலும் சென்று ஒடுங்கும். ஆதலின் அதன் நோயை நாம் காலங்கடந்தே அறிகின்றோம். அறிந்தபின்னும், மனிதர்க்குரிய மருத்துவத்தை அதற்குச் செய்து இன்னும் பிழை புரிகின்றோம். சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டுப் பூனை கழிச்சலால் மெலிந்தபோது யானும் அவ்வாறே பிழைத்தேன்.

முதற்பிழை பால். இரக்கத்தால் வேளைதோறும் பால் வார்த்தேன், நோய் மிகுந்தது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிப்பிக்கும் லாக்டேஸ் என்னும் பொருள் குட்டிப் பருவத்தில் பூனையின் குடலில் நிறைந்திருக்கும். பால்குடி மறந்தபின் பெரிதும் குறைந்துபோம். செரியாத சர்க்கரை குடலில் நீரை ஈர்த்தும் புளித்தும் கழிச்சலை விளைவிக்கும்.

இரண்டாவது பிழை பட்டினி. "லங்கணம் பரம ஔஷதம்" என்பது நம் முன்னோர் மொழி. மனிதர்க்கு அது பொருந்தினும் பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் உணவற்ற பூனையின் உடற்கொழுப்புக் கரைந்து ஈரலில் சென்று தேங்கும். ஈரல் தன் தொழிலை இழக்கும். கொழுத்த பூனைக்கு இவ்விடர் மிகுதி.

மூன்றாவது பிழை மாத்திரை. நாம் சுரத்திற்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குப் போதியதன்று. வெங்காயமும் பூண்டும் அதன் செங்குருதி அணுக்களைச் சிதைப்பன. ஆகவே நமக்கு நன்மருந்தாகிய பூண்டு ரசமும் அதற்கு ஆகாது. இவ்விரண்டையும் யான் செய்யாது தப்பியது அறிவாலன்று, தற்செயலே.

பிணிக்குக் காரணங்கள் பல. பூனையின் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருத்தலால், உடலை நக்குங்கால் உதிரும் மயிரை அது விழுங்கிவிடும். அம்மயிர் திரண்டு வாந்தியாக வெளிப்படுதலுண்டு. குடற்புழு, கெட்ட உணவு, உணவின் திடீர் மாற்றம் என்பனவும் காரணமாம். இளங்குட்டிகளை விரைந்து கொல்லும் தொற்றுக் கழிச்சலும் ஒன்றுண்டு; தடுப்பூசியே அதற்குக் காப்பு.

இனிப் பேணும் முறை. தூயநீர் எப்பொழுதும் அருகிருத்தல் வேண்டும். உப்பும் காரமும் எண்ணெயும் சேராது அவித்த, தோலும் எலும்பும் நீக்கிய கோழியிறைச்சியைச் சிறிது சிறிதாகப் பன்முறை கொடுத்தல் நன்று. ஆயினும் சில நாளே இவ்வுணவு தகும். பூனைக்கு வேண்டும் சத்துக்கள் யாவும் அதில் இல்லை. மலத்தை அகற்றியபின் சோப்பினாற் கை கழுவுதல் இன்றியமையாதது. நூலை விழுங்கிய பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூனி தோன்றினும் அதனை இழுத்தலாகாது; குடல் அறுபடும்.

தோள்களுக்கிடையே தோலைத் தூக்கிவிட்டால் அது மெல்லப் படியுமாயின் உடலில் நீர் வற்றியதென அறியலாம். ஒருநாள் முழுதும் உண்ணாமை, ஓயாத வாந்தி, மலத்திற் குருதி என்பன தோன்றின் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் செல்லல் வேண்டும். ஆண்பூனை முக்கி முக்கி வருந்துவதைச் சிலர் மலச்சிக்கலென்றே எண்ணுவர். அது சிறுநீரடைப்பாயின் ஓரிரு நாளில் உயிர் போம்.

எம் பூனைக்கு மருத்துவர் தோலின்கீழ் உப்புநீர் ஏற்றினார், பாலை நிறுத்துவித்தார். ஐந்தாம் நாள் அது தானே எழுந்து அடுக்களை வாயிலில் வந்து குரல் கொடுத்தது. பிலிப்பியர்க்கு நிருபம் எழுதிய பவுல் அப்போஸ்தலர், அவர்தம் அன்பு அறிவோடு கூடிப் பெருகவேண்டுமென வேண்டிக்கொண்டார். அறிவில்லா அன்பு வாயில்லா உயிரை எவ்வளவு வருத்தும் என்பதை யான் அக்கோடையிற் கற்றேன். பூனை வளர்க்கும் நண்பர்கள் அவ்வாறு வருந்திக் கல்லாது, இதனைப் படித்தே அறிவாராக.