ஒட்டாது... உருக்கி இணைக்கும்! பிளாஸ்டிக் மாடல் பிரியர்களின் பச்சை மூடி பாட்டில்

2018-ல் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு தேஜஸ் போர் விமானங்கள் வந்த பிறகு, அந்தச் சத்தம் கோவைக்காரர்களுக்குப் பழகிப்போனது. 2020 மே மாதம் இன்னொரு தேஜஸ் படைப்பிரிவும் அங்கே தொடங்கப்பட்டது. அது 'பறக்கும் தோட்டாக்கள்' எனப்படும் 18-வது படைப்பிரிவு. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் 'நேட்' விமானத்தில் போரிட்டு உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகான் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். விமானப்படையில் இந்த விருதைப் பெற்ற ஒரே வீரர் அவர்தான்.

அப்படிப்பட்ட விமானங்களைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, கையால் கோத்து, வண்ணம் பூசி, அலமாரியில் நிறுத்துவதுதான் ஸ்கேல் மாடலிங் என்கிற பொழுதுபோக்கு. 1/72 அளவு என்றால் நிஜ விமானத்தை 72 மடங்கு சுருக்கியது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் நேட் சுமார் 12 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட வராது.

விவசாயம் ஊறிய கொங்கு மண்ணுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. மாடல் கிட்டுகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949-ல் செய்த முதல் மாடல், விமானம் அல்ல, ஃபெர்குசன் டிராக்டர்! நம் தோட்டங்களில் ஓடும் 'மாஸி' டிராக்டரின் முன்னோர்.

இந்தச் சின்ன உலகத்தில் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் தடுமாறுவது கிட்டில் அல்ல, பசையில்தான்.

பசை இல்லீங்க, வெல்டிங்!

காகிதத்தை ஒட்டும் பசை, இரண்டு தாள்களுக்கு நடுவில் மூன்றாவது பொருளாக உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. மாடல்காரர்கள் பயன்படுத்தும் 'எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்' அப்படி இல்லை. அது தண்ணீர்போல ஓடும் ஒரு கரைப்பான். இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளின் விளிம்பையும் லேசாகக் கரைக்கும். கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். பிறகு திரவம் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பிளாஸ்டிக் மட்டுமே. இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும்.

பம்ப் செட் ஊரான கோவையில் இதைப் புரியவைப்பது சுலபம். பி.வி.சி பைப்பையும் எல்போவையும் பிளம்பர் இணைக்கிறாரே, அங்கே நடப்பதும் இதேதான். டப்பா மேலேயே 'சால்வென்ட் சிமென்ட்' என்று எழுதியிருக்கும். காய்ந்த பிறகு அந்த இணைப்பைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

மாடல் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. பள்ளி புராஜெக்டுக்கு வாங்கும் தெர்மாகோல்கூட இதே பாலிஸ்டைரீன்தான். காற்றை ஊதிப் பொங்கவைத்தது போன்ற வடிவம். பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் உருகி மறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மாடல் சிமென்ட் அதே வேலையை, அளவோடு, வேண்டிய இடத்தில் மட்டும் செய்கிறது.

கடையில் என்ன கேட்பது?

"அண்ணா, பிளாஸ்டிக் மாடல் ஒட்டற சிமென்ட் இருக்குங்களா?" என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால், "ஃபெவிக்விக் குடுக்கட்டுங்களா?" என்ற பதில் வரத்தான் அதிக வாய்ப்பு. ஸ்டேஷனரி கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் இது அரிது. மாடல் கிட்டுகளை விற்கும் ஹாபி கடைகளிலும், அவர்களின் ஆன்லைன் விற்பனையிலும் தேடுவதே சரியான வழி.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஜப்பானின் தமியா நிறுவனத் தயாரிப்பு. 40 மில்லி கண்ணாடி பாட்டில், பச்சை மூடி, மூடியோடு சேர்ந்த மெல்லிய பிரஷ். அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் இதன் முக்கியச் சேர்மானங்கள். அதே நிறுவனத்தின் வெள்ளை மூடி பாட்டில் கொஞ்சம் கெட்டியானது. ஆரஞ்சு வாசனை வரும் லிமோனின் வகையும் உண்டு. நெடி குறைவு, ஆனால் காய நேரம் பிடிக்கும். ஜப்பானின் 'மிஸ்டர் சிமென்ட் எஸ்' மெல்லிய சிமென்ட்டில் இன்னொரு பெயர் பெற்ற ரகம்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைத்தால் சிக்கல். இது எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமான அஞ்சலில் அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மாமாவிடம் "பெட்டியில் ஒன்று போட்டு எடுத்து வாங்க" என்று சொல்வதும் தவறு. கைப்பை, லக்கேஜ் இரண்டிலுமே இதற்கு அனுமதி இல்லை. இந்தியாவில் இருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதுதான் வழி. தரைவழியாக வரும் பார்சல் சில நாள் தாமதமாகலாம். கிட் ஆர்டர் செய்யும்போதே சிமென்ட்டையும் சேர்த்துவிடுவது நல்லது.

மாற்று வழிகள் ஏன் கைவிடுகின்றன?

கிட் இப்போது மலிவான பொருள் இல்லை. சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளின் இறக்குமதி வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. இவ்வளவு கொடுத்து வாங்கியதை, கையில் கிடைத்த பசையால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

* பி.வி.சி சிமென்ட்: கொள்கை ஒன்றுதான், ஆள் வேறு. இதில் பி.வி.சி பிசின் கரைந்திருப்பதால் கெட்டியாக இருக்கும். மெல்லிய இடுக்கில் இறங்காது, மேலே திட்டாகப் படிந்து நிற்கும்.

* நெயில் பாலிஷ் ரிமூவர்: எண்ணெய், தண்ணீர், வாசனை என்று பலதும் கலந்திருக்கும். சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. இணைப்பு பலமாக இருக்காது.

* சுத்தமான அசிட்டோன்: பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஆனால் துண்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்குள் ஆவியாகிவிடும். அந்த அவசரத்தைக் குறைக்கத்தான் மெதுவாக ஆவியாகும் பியூட்டைல் அசிட்டேட் சேர்க்கப்படுகிறது.

* பெயின்ட் தின்னர்: ஒவ்வொரு டப்பாவிலும் கலவை வேறு. மெல்லிய பாகங்களை இளக்கிவிடும். நெடியும் கடுமையானது.

* அக்ரிலிக் பலகை ஒட்டும் திரவம்: பெயர்ப்பலகை செய்யும் இடங்களில் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் பயன்படுத்துவது உண்டு. இவற்றின் ஆவி உடலுக்குக் கேடு. வீட்டுக்குள், அதுவும் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள், இவை வரவே கூடாது.

* ஃபெவிக்விக்: உலோகம், ரெசின் பாகங்களை ஒட்ட உதவும். விமானத்தின் கண்ணாடி மூடியில் இதைப் பயன்படுத்தினால் வெள்ளைப் பனி படர்ந்ததுபோல மங்கிவிடும்.

இடுக்கில் ஓடும் மாயம்

முதல் வேலை, பாகங்களை வெட்டி எடுத்து, விளிம்புகளைத் தேய்த்து, சிமென்ட் இல்லாமலே பொருத்திப் பார்ப்பது. இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் ரப்பர் பேண்டோ டேப்போ போட்டு நிறுத்துங்கள்.

அடுத்து, பிரஷ்ஷை பாட்டிலின் வாயில் வழித்துவிட்டு, இணையும் கோட்டில் அதன் நுனியால் தொட்டால் போதும். தடவத் தேவையில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, திரவம் தானாகவே இடுக்கு முழுக்க ஓடிவிடும். பள்ளிப் பாடத்தில் படித்த நுண்புழை ஏற்றம் இதுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு தொடல் என்று நகர்ந்துபோனால் போதும்.

சில நொடிகள் கழித்து லேசாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் கோடுபோலப் பிதுங்கும். அது நல்ல அறிகுறி. உடனே துடைக்கக் கூடாது, இழுபட்டு அசிங்கமாகும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தால் கோடே தெரியாது.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, இணைப்புக் கோட்டின் மேல் விரல் வைத்துப் பிடிப்பது. திரவம் விரலுக்கு அடியில் ஓடி, இளகிய பிளாஸ்டிக்கில் கைரேகையை அச்சடித்துவிடும். கோட்டின் மேல் ஒட்டிய டேப்பின் அடியிலும் இதேபோல ஊர்ந்து போகும்.

இன்னும் சில குறிப்புகள்: பெயின்ட் அடித்த விளிம்பில் சிமென்ட் சரியாகப் பிடிக்காது, அந்த இடத்தைச் சுரண்டிவிட வேண்டும். கண்ணாடி போன்ற பாகங்களுக்கு, காய்ந்தால் நிறமில்லாமல் போகும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை பாதுகாப்பானது. வளைந்து கொடுக்கும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் பொம்மைகளை இந்த சிமென்ட் தொடவே தொடாது. சந்தேகம் இருந்தால், பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டத்தின் மிச்சத் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பளபளத்து இளகினால் வேலை நடக்கும்.

அந்த மிச்சத் துண்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். பொடியாக நறுக்கி, தனி பாட்டிலில் கொஞ்சம் சிமென்ட்டில் ஊறவைத்தால், மறுநாள் கூழாகிவிடும். இடைவெளியை அடைக்க, அதே பிளாஸ்டிக்கில் செய்த புட்டி ரெடி.

வீட்டில் கவனம்

பாட்டில் சிறியதுதான், ஆனால் விளையாட்டுப் பொருள் அல்ல. இதன் ஆவி எளிதில் தீப்பற்றும். சமையலறை, பூஜையறை விளக்கு, கொசுவத்தி, சிகரெட் அருகில் திறக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஏ.சி போட்டு மூடிய அறை வேண்டாம். தலை சுற்றினாலோ வலித்தாலோ உடனே மூடிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கைபட்டால் சாயும் பாட்டில் இது. ஒரு கனமான டப்பாவுக்குள்ளோ மரக்கட்டையில் துளைத்த குழியிலோ நிறுத்தினால் சாயாது. ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்குங்கள். கோவை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது.

பள்ளி மாணவர்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் இதைப் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் பாட்டில் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பசையே வேண்டாத, அழுத்தினால் பொருந்தும் 'ஸ்னாப்' கிட்டுகள் இருக்கின்றன. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் போங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108 இருக்கவே இருக்கிறது.

வார்ப்படமும் லேத்தும் வெல்டிங்கும் பார்த்து வளர்ந்த ஊர் கோவை. ஒரு நல்ல இணைப்புக்கு என்ன வேண்டும் என்று இங்குள்ள பட்டறைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: சுத்தமான விளிம்பு, சரியான பொருத்தம், ஆறும்வரை பொறுமை. அதே மூன்றும்தான் சாப்பாட்டு மேஜையில் கட்டப்படும் குட்டி விமானத்துக்கும். இந்த விடுமுறையில் பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு பாதிகளை ஒன்றாக்கிப் பாருங்கள். ஒரு நாள் தொடாமல் காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, மாடலைத் தாண்டியும் அது உதவும்.