அபராதச் சீட்டும் போலீஸ் பயிற்சியும்

மும்பையிலோ கொல்கத்தாவிலோ டில்லியிலோ வாழும் நம் நேயர்களில், வழக்கு நிமித்தமாகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரே தொகைக்குரிய வழக்கானாலும் சென்னையில் ஒரு கட்டணம், அங்கே வேறொரு கட்டணம். உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களின் கட்டணத்தை விதிக்கும் அதிகாரம் நம் அரசியல் சட்டப்படி மாநிலங்களைச் சேர்ந்தது. மாநிலப் பட்டியலில் 2-ஆவது இனம் போலீஸ். நீதிமன்றக் கட்டணம் வருவது 3-ஆவது இனத்தில். பட்டியலில் இவை அண்டை வீட்டுக்காரர்களே; ஆயினும் ஒன்றின் வரவைக் கொண்டு மற்றொன்றை நடத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் உண்டு.

அந்நாட்டில் போலீஸ் என்பது ஒரே படையன்று. ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியே காவலர்களை வைத்துக்கொள்கின்றன. ஆகையால் ஓர் ஊரின் காவலர் நன்கு பயின்றவராகவும், அடுத்த ஊரின் காவலர் பயிற்சியே இல்லாதவராகவும் இருக்க நேர்ந்தது. இக்குறையைப் போக்க 1959-இல் கலிபோர்னியா மாநிலம் காவலர் தகுதியையும் பயிற்சியையும் வரையறுக்க ஒரு கமிஷனை நிறுவியது. அதன் செலவுக்குப் பணம்? பொது வரியில் கை வைக்காமல், குற்றவாளிகள் செலுத்தும் அபராதத்தின்மேல் ஒரு கூடுதல் தொகை விதிக்கப்பட்டது. சட்டத்தை மீறுகிறவனே சட்டத்தைக் காப்பவனின் படிப்புக்குப் பணம் தரட்டும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு நல்ல காரியத்துக்குத் திறந்த கதவின் வழியே பல காரியங்கள் நுழைந்துவிடும். நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒன்று, அவசர மருத்துவத்துக்கு ஒன்று என்று கூடுதல் தொகைகள் அடுக்கடுக்காக ஏறின. கலிபோர்னியாவில் சிவப்பு விளக்கைக் கடந்தவருக்கு மூல அபராதம் 100 டாலர்தான். அவர் கட்ட வேண்டியதோ ஏறத்தாழ 490 டாலர் என்றாயிற்று. செல்வர் அதைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார். கூலிக்காரர் என் செய்வார்?

மிசௌரி மாநிலத்தில் இதே ஏற்பாடு சிறு தொகைகளில் அமைந்தது. குற்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்க் காவலர் பயிற்சிக்கென 2 டாலர் வரையிலும், மாநிலப் பயிற்சிக் கமிஷனுக்கென 1 டாலரும் வசூலிக்கச் சட்டம் இடமளித்தது. சாலை விதி மீறலும் இதில் அடங்கும். தொகை அற்பம் என்று தோன்றலாம். ஆனால் அம்மாநிலத்திலுள்ள பெர்குஸன் என்னும் சிறு நகரத்தின் கதையைக் கேளுங்கள். அங்கே 2014 ஆகஸ்டில் கறுப்பின இளைஞர் ஒருவர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் மத்திய நீதி இலாகா விசாரித்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1 கோடியே 32 லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட நகர வரவு செலவுத் திட்டத்தில், சுமார் 31 லட்சம் டாலரை அபராதங்களாலும் கட்டணங்களாலும் திரட்ட நகராட்சி எண்ணியிருந்ததை அது வெளிப்படுத்தியது. காவலர் கையிலிருந்த அபராதப் புத்தகம் நகரத்தின் வசூல் புத்தகமாகிவிட்டது!

அவ்வறிக்கையில் ஒரு பெண்மணியின் வரலாறு வருகிறது. 2007-இல் அவர் ஒரு முறை காரைத் தகாத இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். சில காலம் வீடின்றித் தவித்த அவர் தவணைகளைத் தவறவிட்டார். தவறிய ஒவ்வொன்றுக்கும் புதிய அபராதமும் பிடிவாரண்டும் வந்தன. 25 டாலர், 50 டாலர் என்று சிறுகச் சிறுகக் கட்ட முயன்றபோது கோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. இரு முறை கைதாகி ஆறு நாள் சிறையிலிருந்தார். 550 டாலர் கட்டிய பிறகும், 2014 டிசம்பரில் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது. பொறுமையும் நிதானமும் பயிலவேண்டிய காவலரின் கல்விக்கு இத்தகையவரிடம் பணம் பெறுவதில் ஒரு முரண்பாடு இருக்கத்தான் செய்கிறது. அபராதம் குறைந்தால் பயிற்சி நிதியும் குறையும். மக்கள் ஒழுங்காக நடந்தால் கமிஷனுக்கு நஷ்டம் என்பது விசித்திரமான ஏற்பாடல்லவா?

நம் நாட்டில் மாநில வருவாய் முழுவதும் பொதுவாகத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, சட்டமன்றத்தின் ஒப்புதலோடுதான் வெளிவருகிறது. போலீஸ் பள்ளிக்கு அதில் கிடைப்பது சொற்பமே என்ற குறை நமக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேற்றுமையை நம் உச்ச நீதிமன்றம் 1972-இலேயே ஆராய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டணத்தை எதிர்த்து ஒரு விளக்குக் கம்பெனி தொடுத்த வழக்கு அது. நீதிமன்றக் கட்டணம் வரியன்று. நீதி நிர்வாகச் செலவோடு அதற்குப் பொருத்தம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஏறக்குறைய இதே கேள்வி 2021-இல் மிசௌரியின் உச்ச நீதிமன்றத்திலும் எழுந்தது. வேகமாகக் காரோட்டி அபராதம் கட்டிய இருவர், தம்மிடம் ஷெரீப்புகளின் ஓய்வூதியத்துக்கென 3 டாலர் வாங்கியது செல்லாது என்று வழக்காடினர். ஓய்வூதியம் நீதி நிர்வாகச் செலவாகாது என்று நீதிபதிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். பயிற்சிக் கட்டணத்தை அவ்வழக்கு தொடவில்லை.