வலை விரித்த கைகளே வழிகாட்டட்டும்

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் பங்கின் சிறுவர் சிறுமியர் முப்பது பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தஞ்சையிலிருந்து கோடியக்கரைக்குப் புறப்பட்டேன். சாலையின் இருமருங்கிலும் சம்பாக் கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நின்றன. மன்னார்குடியைக் கடந்தபின், வழியில் ஓரிடத்தில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினோம். அங்கே முதியவர் ஒருவர், கால்கள் கட்டப்பட்ட ஐந்தாறு மடையான்களைக் கையில் தொங்கவிட்டபடி என்னிடம் வந்தார்.

"உயிரோட இருக்கு சாமி, வாங்கிக்கிறீங்களா?"

வேண்டாமென்று தலையசைத்தேன். நீர்ப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அறிவேன். ஆயினும், அவருக்கு அறிவுரை கூற நா எழவில்லை. சிறு வயதில் அந்த இறைச்சியை விரும்பி உண்டவன் நான். குருவான பின்னரும், அன்போடு சமைத்துக் கொணர்ந்தோரிடம் மறுக்காமல் பெற்று உண்டதுண்டு. வண்டி மீண்டும் புறப்பட்டதும் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மடையான் வயலுக்கு நல்லதா கெட்டதா, சாமி?"

வயல் வரப்பிலேயே வளர்ந்த எனக்கு விடை கூறத் தெரியவில்லை. அதன் சுவையை அறிந்திருந்தேனேயன்றி, அதன் வாழ்வை அறிந்தேனில்லை.

சேறு சொன்ன பாடம்

வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்தது கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், வெளிமான்களுக்கும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்றது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் உள்ளிட்ட 38,500 எக்டேர் பரப்பு, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று உருவான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளைப் பதிவு செய்யும் பட்டியல் அது.

பார்வையாளருக்கென வனத்துறையின் விளக்கக் கூடம் அங்கே உண்டு. எங்களுக்கு வழிகாட்டிய உள்ளூர் இளைஞரோ, "படங்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் சேற்றைப் பார்ப்போம்" என்று பிள்ளைகளை நீர்க்கரைக்கு அழைத்துச் சென்றார். ஒரு கை சேற்றை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். நெளியும் புழுக்களைக் கண்டு பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். "இதை உண்ணத்தான் சைபீரியாவிலிருந்து விருந்தாளி வருகிறது" என்றார் அவர்.

அவர் சுட்டிய திசையில் கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மிகக் குறைந்த எடையே உள்ள பறவை அது. வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் தெற்கே பறந்து வருகிறது. அச்சேற்றில் அதற்கு உணவு விளைய, கடல்நீரோடு நன்னீரும் கலக்க வேண்டும். அந்நன்னீரைக் கொணர்வது நம் காவிரியே. கோரையாறு, பாமணியாறு எனக் கிளைகளாகப் பிரிந்து, நம் வயல்களை நனைத்த பின்னரே அது முத்துப்பேட்டைக் காயலில் சேர்கிறது. ஆகவே, நம் வாய்க்காலில் நாம் கலக்கும் நஞ்சும், நாம் அடைத்துவிடும் வடிகாலும் அங்கே பறவையின் பந்தியைச் சென்று தொடுகின்றன.

சுட்ட சிறுவன் கற்ற கதை

பிள்ளைகளிடம் அன்று நான் ஒரு வரலாற்றைக் கூறினேன். பம்பாயில் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றான். அதன் செயலர் மில்லர்ட் என்பவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அச்சிறுவனே பிற்காலத்தில் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பட்ட சலீம் அலி.

அவருடைய வழிகாட்டுதலில் அக்கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையங்களை அணிவித்து, அவை சென்று திரும்பும் பாதைகளை ஆராய்ந்தனர். பறவைகளைக் காயமின்றிப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவைபிடிப்போர்! எந்தக் காற்றில் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் எவர்? விற்பதற்கு வலை விரித்த கைகள், அறிவியலுக்கு உதவும் கைகளாயின.

இதைச் சொல்லும்போதே, சாலையோரத்து முதியவர் என் நினைவில் வந்து நின்றார். அவரைக் குற்றவாளியாக மட்டும் நான் கண்டது சரிதானா?

வடுவூர்க் கரையில்

திரும்பும் வழியில், பொழுது சாயும் வேளையில், வடுவூர் ஏரிக்கரையில் இறங்கினோம். ஏறக்குறைய 112 எக்டேர் பரப்புள்ள இந்தப் பாசன ஏரி, மேட்டூர் நீரால் நிரம்புவது. 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கூடு திரும்பும் பறவைகளைக் கரையிலிருந்த விவசாயி ஒருவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்: நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா. நம் முன்னோர் பறவையின் தொழிலையும் அலகின் வடிவையும் பார்த்து இட்ட பெயர்கள் அல்லவா இவை! கதிரறுக்கும் அரிவாளையே பறவைக்குப் பெயராக இட்டவர்கள், அதை அந்நியமாகவா எண்ணியிருப்பார்கள்?

மடையானைப் பற்றிய கேள்வியை அச்சிறுமி அவரிடமும் கேட்டாள். "பூச்சியும் தின்னும், நண்டும் தின்னும், மீன்குஞ்சையும் விடாதும்மா. ஆனா அது இல்லாத வயல்ல பூச்சிதான் ராஜா" என்றார். படித்த நான் அறியாத விடையை அவர் அறிந்திருந்தார்.

அன்பர்களே, ராம்சர் உடன்படிக்கை கோருவது வேலி மட்டுமன்று. நீர்நிலையை நம்பி வாழும் மக்கள் அதை அறிவோடு பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வெளியூரார் வந்து பார்த்துச் செல்லும் விளக்கக் கூடம், அருகிலுள்ள சிற்றூரின் பிள்ளைக்கும் அதன் தாய் தந்தையர்க்கும் பயன்படாவிடில், அது பாதிப் பணியே ஆகும். அங்கே ஏரிக்கரை விவசாயியும், மீனவரும், ஒருகாலத்தில் வலை விரித்தவரும் ஆசிரியராக நிற்க வேண்டும். அதற்குரிய ஊதியமும் அவர்கள் பெற வேண்டும். பிழைக்க வேறு வழி காட்டாமல் "பிடிக்காதே" என்று மட்டும் சொல்வது, பசித்தவனுக்குப் பிரசங்கம் செய்வதற்கு ஒப்பாகும்.

பெற்றோர்களே, கார்த்திகை முதல் மாசி வரை நம் ஏரிகளில் பறவைகள் நிறைந்திருக்கும். ஒரு மாலைப்பொழுதேனும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தாத்தா பாட்டியரையும் உடன் அழைத்துச் சென்று, அவர்கள் அறிந்த பறவைப் பெயர்களைப் பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். விலைக்கு வரும் பறவையை வாங்காதீர்கள். அன்பளிப்பாக வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

நானும் மறுப்பேன். அடுத்த தையில் பிள்ளைகளோடு புறப்படும்போது, அந்த முதியவரைத் தேடி, எங்களுக்கு வழிகாட்ட வருமாறு கேட்கவும் எண்ணியுள்ளேன்.