பிஸ்கோத்தும் பின்னக் கணக்கும்

பின்னம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிக்குஞ் சிறார் பலர். அவரே பலகாரம் பங்கிடுங்கால் அணுவளவும் பிழை செய்யார். இதனை உட்கொண்டு, சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் மூவர் கூடி, அண்டை வீட்டுச் சிறார் ஐவரை அடுக்களைக்கு அழைத்து, பிஸ்கோத்துச் செய்முறைகளைத் தாமே புதிதாக வகுக்குமாறு ஏவினோம். அதன்கட் கண்டவற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ஆகுபெயரிலக்கணம் பயில்வார் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைகளை அறிவர். யாம் நெட்டுருச் செய்த அந்நான்கும் ஒரு தட்டுப் பிஸ்கோத்தில் ஒருங்கே வந்து நிற்றல் எமக்கே வியப்பாயிற்று. வில்லைகளை எண்ணுகின்றோம், வெண்ணெயை நிறுக்கின்றோம், மாவை முகக்கின்றோம், தேய்த்த மாவின் கனத்தை அளவுகோலிட்டுப் பார்க்கின்றோம்.

இவற்றுள் முகத்தலே ஏமாற்றும் இயல்பினது. ஒரே உழக்கில் ஒரு சிறுமி மாவைத் தலைதட்டி அளந்தாள். மற்றொருத்தி கூம்பாகக் குவித்தாள். தராசில் இரண்டும் ஒவ்வாமை கண்டு, "உழக்கு ஒன்றுதானே, அண்ணா?" என்று வினவினர். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைவியாயிருந்த பானி பார்மர் அம்மையார், 1896-இல் வெளியிட்ட தம் நூலில் தலைதட்டிய அளவை வற்புறுத்தியது இக்குழப்பம் நீங்குதற்பொருட்டே. நம் நாட்டு அளவையும் சிறார்க்கு இனிய பாடமாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் வந்துவிட்டன எனினும், அரை, கால், அரைக்கால் என்பவற்றைக் கையிலே காட்டப் பாட்டியின் பித்தளை உழக்குக்கு இணையில்லை.

எளிய பிஸ்கோத்துக்குச் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரு பங்கு, மாவு மூன்று பங்கு, யாவும் நிறையால். வெண்ணெய் விலையை எண்ணி அன்னையர் முணுமுணுத்தமையின் 30, 60, 90 கிராம் எனச் சுருக்கிக்கொண்டோம். ஆக 180 கிராம்; 15 கிராம் வீதம் பன்னிரண்டு வில்லை. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதிவைக்க என்பதொன்றே யாம் விதித்த சட்டம்.

ஒருவன் வெண்ணெய்க்கு ஈடாக நெய் கேட்டான். வெண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கே கொழுப்பு. எஞ்சியது பெரும்பாலும் நீர். நெய்யோ ஏறத்தாழ முழுதுங் கொழுப்பு. எனவே 60 கிராமுக்கு 48 போதுமென்று அவனே கணித்தான். சிறுமி ஒருத்தி கருப்பட்டியை நீரிற் கரைத்து ஊற்ற, வில்லைகள் தோல்போல் ஆயின. நீர், கோதுமையின் புரதத்தோடு கூடிப் பசையை வளர்க்கும். கொழுப்பே அதனைத் தடுப்பது. மறுமுறை அவள் கருப்பட்டியைத் துருவியிட்டாள். அதன்பின் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியுஞ் சேர்த்தாள். அச்சுவையை யாம் இன்னும் மறந்திலோம்.

எம் உள்ளத்தைத் தொட்டவன் மற்றொரு சிறுவன். பின்னக் கணக்கில் மந்தனென்று பள்ளியில் ஏச்சுக் கேட்டவன் அவன். மாவில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது 30 கிராம், கேழ்வரகாக இட்டான். கேழ்வரகில் அப்பசை இன்மையின் வில்லைகள் பொடிந்தன. "இன்னுங் குறைக்க எவ்வளவு இடுவாய்?" என்றோம். "இரண்டில் ஒன்று," என்றான், இரண்டு மூன்றினுஞ் சிறிதென்று எண்ணி. யாம் வாய் திறந்திலோம். அவன் நிறுத்தான், தராசு 45 காட்டியது. மாவைக் கொட்டி மீட்டும் நிறுத்தான், அதுவே வந்தது. நெடுநேரம் தராசையே நோக்கி நின்றவன், மெல்ல, "அப்படியானால் ஆறில் ஒன்றா, அண்ணா?" என்றான், 15 கிராம் இட்டான்.

அம்முறை ஒரு வில்லையும் உடைந்திலது. பன்னிரண்டில் ஆறிலொரு பங்காகிய இரண்டை எமக்கு எண்ணி வைத்துவிட்டு, எஞ்சிய பத்தையும் தாளிற் பொதிந்துகொண்டு வீட்டிற்கு ஓடினான்.