துளையும் மரையும் பொருத்தமும்

ஏரும் ஏற்றமும் கவலையும் நம் கிராமங்களின் கருவிகளாக இருந்த காலத்தில், அவற்றைத் தச்சரும் கொல்லரும் ஊரிலேயே செய்தனர். பழுது நேர்ந்தால் ஊரிலேயே சரி செய்தனர். இன்று மின்சாரப் பம்பு, கைப்பம்பு, டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் எனப் பலவும் கிராம வாழ்வின் அங்கங்களாகிவிட்டன. இவற்றின் உறுப்புக்கள் யாவும் துளைகளாலும், துளைகளில் ஏறும் போல்ட்டுகளாலும், துளைகளினூடே சுழலும் தண்டுகளாலுமே இணைந்து நிற்கின்றன. துளை செவ்வையாக அமைந்தால் இயந்திரம் நெடுநாள் உழைக்கும். அளவு பிசகினால், பயிர் வாடும் வேளையில் பம்பு நிற்கும். குடத்தோடு பெண்கள் அடுத்த ஊருக்கு நடக்க நேரிடும். ஆதலின், கிராமப் பட்டறை நடத்துவோரும், தொழில் பயிலும் இளைஞரும், ஊராட்சிப் பணியாளரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

மூவகைத் துளைகள்

துளையிடப் புகுமுன், அத்துளை எதற்காக என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். போல்ட் தடையின்றி நுழைந்து மறுபுறம் நட்டினால் இறுக்கப்படுவதற்கு ஒரு துளை. தன்னுள்ளேயே மரை வெட்டப்பெற்று போல்ட்டைப் பற்றிக்கொள்வதற்கு ஒரு துளை. தண்டையோ பேரிங்கையோ தாங்குவதற்கு ஒரு துளை. மூன்றுக்கும் அளவு வெவ்வேறு. '12 மி.மீ. போல்ட், ஆகவே 12 மி.மீ. துளை' என்று எண்ணுவதே பல கேடுகளுக்கும் மூலமாகும்.

12 மி.மீ. விட்டமுள்ள எம் 12 போல்ட் தாராளமாக நுழைய 13.5 மி.மீ. துளை தேவை. எம் 10 போல்ட்டுக்கு 11 மி.மீ.; எம் 8 போல்ட்டுக்கு 9 மி.மீ.; எம் 6 போல்ட்டுக்கு 6.6 மி.மீ. ஒரு தகட்டில் நான்கு துளைகள் இருந்தால், அவற்றின் இடைவெளியில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இந்தத் தாராளமே அவ்வேறுபாட்டை ஏற்று, நான்கு போல்ட்டுகளும் அமரச் செய்கிறது.

துளையிடும் முறை

முதலில் கோடு கீறி, துளையின் மையத்தைச் சென்டர் பஞ்சினால் ஆழமாகக் குறித்தல் வேண்டும். அக்குழி இல்லையேல் டிரில்லின் நுனி வழுக்கி விலகும். பெரிய துளையாயின், முதலில் சிறு துளையிட்டுப் பின்னர் அகலப்படுத்துவது எளிது; அச்சிறு துளை, பெரிய டிரில்லின் நடுவேயுள்ள வெட்டாத நுனியின் அகலத்திற்குச் சற்று மிகுந்திருந்தால் போதும்.

சாதாரண டிரில்லின் முனைக்கோணம் 118 பாகை. சாணை பிடிக்கையில் இரு வெட்டுவாய்களும் ஒரே நீளமும் ஒரே சாய்வும் உடையனவாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று குறுகினால், 10 மி.மீ. டிரில்லும் 10 மி.மீ.-க்கு மேற்பட்ட துளையையே இடும். டிரில்லில் அச்சிட்ட எண்ணை நம்பித் துளையை அளவாமல் விடுவோர் இதனைக் கருத வேண்டும்.

வேகமும் முக்கியமானது. ஹைஸ்பீடு எஃகு டிரில்லின் விளிம்பு, மென் எஃகில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 25 மீட்டர் செல்வது தகும். அக்கணக்கின்படி 6 மி.மீ. டிரில் நிமிடத்திற்கு 1,300 சுற்றும், 10 மி.மீ. டிரில் 800 சுற்றும், 20 மி.மீ. டிரில் 400 சுற்றும் சுழலலாம். விட்டம் பெருகப் பெருகச் சுற்று குறைய வேண்டும் என்பதே விதி. துருப்பிடிக்காத எஃகுக்கு இதில் பாதி வேகமே ஏற்றது. பித்தளைக்கு இருமடங்கும் தாங்கும். எஃகைத் துளையிடுகையில் கட்டிங் ஆயில் விடுக. வார்ப்பிரும்பை உலர்ந்த நிலையிலேயே துளையிடலாம். டிரில் மறுபுறம் வெளிப்படும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்துவிடுக. டிரில் சிக்கி உடைவது பெரும்பாலும் அப்பொழுதுதான்.

மரை வெட்டுதல்

மரைக்கு முன் இடும் துளையின் அளவைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. போல்ட்டின் விட்டத்திலிருந்து, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். எம் 12 போல்ட்டின் மரை இடைவெளி 1.75 மி.மீ.; எனவே துளை 10.2 மி.மீ. எம் 10-க்கு இடைவெளி 1.5, துளை 8.5. எம் 8-க்கு இடைவெளி 1.25, துளை 6.8. எம் 6-க்கு இடைவெளி 1, துளை 5 மி.மீ.

இவ்வாறு இட்ட துளையில் மரையின் முழு உயரத்தில் முக்கால் பங்கு அமைகிறது. முழு உயரமும் வேண்டுமென்று துளையைச் சிறிதாக்கினால் வலிமை மிகச் சிறிதளவே கூடும். ஆனால் டேப்பைத் திருப்ப வேண்டிய பலம் பன்மடங்காகி, டேப் துளைக்குள்ளேயே முறியும். முறிந்த டேப் கடினமான எஃகாதலால் அதனைச் சாதாரண டிரில்லால் துளைத்தெடுக்க இயலாது. மாறாக, திருப்புவது எளிதாகட்டும் என்று துளையைப் பெரிதாக்கினால் மரை ஆழமின்றி நிற்கும்.

எமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், நெல் கதிர் ஈனும் பருவத்தில் கிணற்றுப் பம்பு ஒன்று நின்றுவிட்டதை அறிவோம். வார்ப்பிரும்பு உடலில் எம் 12 மரைக்கு 10.2 மி.மீ. டிரில் கிடைக்கவில்லை என்று 11 மி.மீ. டிரில்லால் துளையிட்டிருந்தனர். மரையின் உயரத்தில் பாதியும் அமையவில்லை. சில நாட்களில் அதிர்வினால் மரை தேய்ந்து போல்ட் கழன்றுவிட்டது. சுற்றிலும் உலோகம் தடிப்பாக இருந்தமையால், துளையை 12 மி.மீ. ஆக்கி எம் 14 மரை வெட்டி, மேல்தகட்டின் துளையையும் 15.5 மி.மீ.-க்கு அகலப்படுத்திப் பழுது நீக்கினர். தடிப்பு இல்லாதிருப்பின் உடல் முழுவதையும் மாற்ற நேர்ந்திருக்கும். இழைத்த மரத்தில் ஆப்பு வைக்கலாம்; வெட்டிய உலோகம் மீண்டும் வளராது.

கையினால் மரை வெட்டுகையில் மூன்று டேப்புகளை வரிசையாகப் பயன்படுத்துவர். முதல் டேப்பை மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்துக. அரைச் சுற்று முன்னே சென்றபின் சிறிது பின்னே திருப்பினால், சீவல் முறிந்து வழிவிடும். அடிமூடிய துளையாயின், மரை தேவைப்படும் ஆழத்திற்கும் மேலாகத் துளையிட்டு, அடிக்கடி சீவலை அகற்ற வேண்டும். எஃகில் போல்ட்டின் விட்டமளவும், வார்ப்பிரும்பில் அதன் ஒன்றரை மடங்கும், அலுமினியத்தில் இரு மடங்கும் மரை ஆழம் இருப்பது பாதுகாப்பு.

நம் நாட்டில் மெட்ரிக் அளவுமுறை 1958 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழைய எஞ்சின்களில் அங்குலக் கணக்குள்ள விட்வொர்த் மரைகள் இன்னும் உள்ளன. நீர்க்குழாய் மரைகள் இன்றும் அங்குலக் கணக்கிலேயே வழங்குகின்றன. 5/16 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் அங்குலத்திற்கு 18 மரைகள். பின்னதில் 20-க்குச் சற்று மேல். மரையின் கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஓரிரு சுற்று ஏறிப் பின் சிக்கிக்கொள்ளும். ஸ்பானர் கொண்டு பலவந்தம் செய்தால் இரண்டும் பாழாகும். மரை அளவுத் தகட்டால் சோதித்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

தண்டுக்கும் துளைக்கும் பொருத்தம்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மவர் தண்டுக்கும் துளைக்கும் மூன்று பொருத்தம் பார்த்தால் போதும். தண்டு சுழல வேண்டுமாயின் தளர்வுப் பொருத்தம். அசையாது பற்றிக்கொள்ள வேண்டுமாயின் இறுக்கப் பொருத்தம். கையாலோ மரச் சுத்தியின் மெல்லிய தட்டாலோ ஏறி இறங்க வேண்டுமாயின் இடைநிலைப் பொருத்தம். வண்டிச் சக்கரத்தினும் சற்றுச் சிறியதாக இரும்புப் பட்டையைச் செய்து, நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து, சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். குளிர்ந்த பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்கிறது. இறுக்கப் பொருத்தத்தை நம் கொல்லர் பன்னெடுங்காலமாக அறிவர் என்பதற்கு இதுவே சான்று.

இயந்திர உறுப்புக்களில் இவ்வேறுபாடு மிக நுண்ணியது. 20 மி.மீ. துளையை நுட்பமாகச் செய்கையில் 20.000 முதல் 20.021 மி.மீ. வரை இருக்கலாம் என்பது வழக்கமான தர எல்லை. அதில் எண்ணெயோடு சுழலும் தண்டு 19.980 முதல் 19.993 மி.மீ. வரையும், இறுக்கி அடிக்கப்படும் தண்டு 20.022 முதல் 20.035 மி.மீ. வரையும் இருக்கும். சுழலும் தண்டுக்கும் இறுகும் தண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தலைமயிரின் கனத்திற்கும் குறைவே. இத்துளையை டிரில்லால் மட்டும் பெற இயலாது. 19.7 மி.மீ. அளவிற்குத் துளையிட்டு, எஞ்சியதை ரீமரால் சீவுவதே முறை. ரீமரை ஒருபோதும் பின்னோக்கித் திருப்பலாகாது. அதன் வாய் மழுங்கும்.

இந்தியா மார்க் 2 கைப்பம்பின் கைப்பிடியில் 6204 எண்ணுள்ள பேரிங்குகள் இரண்டு உள்ளன. அவற்றின் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ. பேரிங்கைக் கூட்டினுள் செலுத்துகையில் வெளிவளையத்தையும், தண்டின்மீது ஏற்றுகையில் உள்வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். மாற்றி அடித்தால் அடி குண்டுகளின் வழியே பாய்ந்து ஓடுதடத்தில் பள்ளம் விழும். புதிய பேரிங்கும் விரைவில் கெடும். கூடு தேய்ந்து தளர்ந்திருந்தால் தகரத் துண்டைச் செருகி இறுக்குவது தீர்வன்று. தளர்வு மீளும், அச்சும் சாயும். கூட்டைச் சீர்செய்வதோ கைப்பிடியை மாற்றுவதோ தான் நிலையான வழி.

பாதுகாப்பு

சிறிய துண்டையும் கையால் பிடித்துத் துளையிடலாகாது. வைஸிலோ கவ்வியிலோ இறுக்கிப் பிடித்தல் வேண்டும். சுழலும் டிரில்லின் அருகே கையுறை, தளர்ந்த சட்டைக் கை, தோளில் துண்டு ஆகியவை கூடா. கண்ணாடி அணிக, சீவலை விரலால் அன்றித் தூரிகையால் அகற்றுக.

செய்யத்தக்கது

நல்ல பட்டறைக்குப் பெருமுதல் தேவையில்லை. ஒரு வெர்னியர், எம் 6 முதல் எம் 12 வரை டேப்புகள், அவற்றிற்குரிய டிரில்கள், ஒரு மரை அளவுத் தகடு ஆகியவை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். மேலே கூறிய துளை அளவுகளை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி டிரில் இயந்திரத்தின் அருகில் தொங்கவிடுவது நன்று. ஊராட்சிகள், பழுது பார்த்த வேலையை ஏற்குமுன், இட்ட துளை எத்தனை மி.மீ. என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை பழுது நேருங்கால், எந்த ஊர்ப் பட்டறையாயினும் அக்குறிப்பைக் கொண்டே உரிய போல்ட்டையும் தண்டையும் செய்து தர இயலும்.