முருங்கை விதையும் மூன்று கேள்வியும்



பரீட்சை என்றாலே உங்களுக்குப் பயம். பெரியவர்களையும் பயமுறுத்தும் பரீட்சை ஒன்று உண்டு. அது விமான நிலையத்தில் நடக்கும், பெயர் 'இமிகிரேஷன்'. திருப்பூர் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் மருமகன், குடும்பத்தோடு கனடாவில் குடியேறினார். ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தியும் அந்தப் பரீட்சையைச் சந்தித்தாள். அவள் போனில் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

யார் நிரந்தரவாசி?

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் சில நாளில் திரும்பிவிடுவார். நிரந்தரவாசி அங்கேயே வீடு பிடித்து வாழலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். ஆனால் அவர் அந்நாட்டுக் குடிமகன் அல்லர். தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. கையில் இருப்பதும் நம் இந்திய பாஸ்போர்ட்தான். ஐந்து ஆண்டுகளில் 730 நாட்களாவது கனடாவில் இருந்தால்தான் இந்தத் தகுதி நிலைக்கும்.

விசா கிடைத்தால் மட்டும் போதாது. கனடா மண்ணில் இறங்கி, அங்குள்ள அதிகாரி விசாரித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒருவர் நிரந்தரவாசி ஆகிறார். அந்த ஒப்புதல் சாதாரணமானது அல்ல. 1914ம் ஆண்டு, 'கோமகட்டா மாரு' என்ற கப்பலில் 376 இந்தியர்கள் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும், பெரும்பாலோரைக் கரையில் கால் வைக்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்காக 2016ல் கனடா பிரதமர் பார்லிமென்டில் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு வாசல்கள்

முதல் வாசல் நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் நம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் விமானம் ஏற முடியும். இரண்டாவது வாசல், கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையம். இவர்கள் இறங்கியது டொரான்டோவில். பாஸ்போர்ட்டையும் நிரந்தரவாசி உறுதிச் சான்றையும் பெரிய பெட்டிக்குள் பூட்டி வைக்கக் கூடாது. பெட்டி கைக்கு வருமுன்பே கேட்பார்கள். கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அதிகாரி ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார். பேத்தி எழுந்திருக்கவே இல்லை. 'அப்பாவைத்தானே கூப்பிடுகிறார்!' என்று நினைத்துக்கொண்டாளாம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. நமக்கு இனிஷியலாக இருக்கும் அப்பா பெயர், அங்கே குடும்பப் பெயராகிவிடுகிறது!

பிறகு மருமகனிடம் கேள்விகள் வந்தன. கனடாவில் தங்கி வாழத்தான் வந்திருக்கிறீர்களா? குற்ற வழக்கு ஏதும் உண்டா? எவ்வளவு பணம் கொண்டு வந்திருக்கிறீர்கள்? 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கொண்டு போவது குற்றம் அல்ல. சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். விசா வந்த பிறகு வீட்டில் குழந்தை பிறந்திருந்தால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால், அந்தக் குழந்தையைப் பின்னால் அழைத்துக்கொள்வது பெரும் சிக்கலாகிவிடும். எல்லாம் சரியாக இருந்ததால் அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கனடாவுக்கு நல்வரவு!" என்றார்.

ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது

அடுத்தது சுங்க அதிகாரி. கொண்டு வந்த வீட்டுச் சாமான்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "செடி, விதை ஏதாவது உண்டா?" என்றார். "இல்லை" என்றார் மருமகன். பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, என்னிடம் இருக்கிறது!"

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஐந்து மூலனூர் முருங்கை விதைகள். அங்கே நட்டு வளர்ப்பதற்காக வைத்திருந்தாள். மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொல்லாமல் கொண்டு வந்தது பிடிபட்டால் 1,300 டாலர் வரை அபராதம் உண்டு!

அதிகாரி கோபப்படவில்லை. "வேற்று நாட்டு விதையோடு பூச்சியும் நோயும் வந்துவிட்டால் எங்கள் வயல்கள் கெட்டுவிடும். அதனால்தான் சான்று இல்லாத விதையை அனுமதிப்பதில்லை. நீயாகச் சொன்னதற்கு நன்றி!" என்று விதைகளை வாங்கிக்கொண்டு, அபராதம் இல்லாமல் அனுப்பிவிட்டார். பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாளாம்.

குழந்தைகளே, ஓர் உண்மையை நானும் சொல்லிவிடுகிறேன். அந்த விதைகளை அவள் கையில் கொடுத்தவன் நான்தான்! இத்தனை வருடம் வகுப்பில் பாடம் சொன்ன எனக்கு இந்த விதி தெரியவில்லை. தெரியாமல் செய்த தவறையும், ஒளிக்காமல் சொல்லித் திருத்திவிட்டாள் என் பேத்தி.

சில வாரம் கழித்து, அவர்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் நிரந்தரவாசி அட்டைகள் வந்து சேர்ந்தன. அன்று பேத்தி போனில் சொன்னாள்: "தாத்தா, இங்கே கடையிலேயே முருங்கைக்காய் கிடைக்குது. நீங்க கவலைப்படாதீங்க!"